முதல் கேமரா வாங்கப்போகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள்

தீபாவளி போனஸ் வந்த வாரத்தில்தான் இந்த போன் அழைப்புகள் அதிகம் வரும். "அண்ணா, ஒரு கேமரா வாங்கணும், எது நல்லது?" என்று ஒரே வரியில் கேட்டுவிட்டு, நானும் ஒரே வரியில் பதில் சொல்வேன் என்று காத்திருப்பார்கள். நான் தாம்பரம் பக்கம் குடியிருக்கும் அலுவலக ஆள். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் படம் எடுப்பவன், ஒரு படத்துக்கும் காசு வாங்கியதில்லை. ஆனால் கேமரா வாங்குவதில் செய்யக்கூடிய தப்புகளில் பாதியையாவது சொந்தக் காசில் செய்து பார்த்திருக்கிறேன். ஆளுக்கு ஆள் திரும்பச் சொல்வதை ஒரே இடத்தில் எழுதிவைத்துவிட்டேன். விலைகள் எல்லாம் சென்னையில் நான் பார்க்கும் சுமாரான விலைகள். மாதத்துக்கு மாதம் கொஞ்சம் ஏறும், இறங்கும்.

நல்ல போன் இருக்கிறதே, தனியாகக் கேமரா எதற்கு?

பலருக்குத் தேவையே இல்லை. பகல் வெளிச்சத்தில் ஊர் சுற்றும் படம், சாப்பாட்டுத் தட்டு, குடும்பத்தோடு நிற்கும் படம் என்றால் போன் போதும். சில நேரம் புதிதாகக் கேமரா பிடிப்பவரைவிட போனே நன்றாக எடுக்கும். ஒரே நொடியில் பல படங்களை எடுத்து ஒன்றாகக் கோத்து, வானத்தையும் முகத்தையும் சமப்படுத்திக் கொடுத்துவிடுகிறது. கேமராவில் அந்த வேலையை நீங்கள்தான் செய்ய வேண்டும்.

போன் திணறுவது சில இடங்களில்தான். பள்ளி ஆண்டு விழா மேடையில் ஆடும் பிள்ளை, ஏரியின் அக்கரையில் உட்கார்ந்திருக்கும் நாரை, மாலை மங்கிய பிறகு வீட்டுக்குள் ஓடும் குழந்தை. காரணம் எளிது. தொடக்க நிலைக் கேமராக்களில் ஒளியைப் பிடித்துப் படமாக்கும் சில்லு, அதாவது ஏபிஎஸ்-சி அளவு சென்சார், சுமார் 22 மி.மீ. அகலமும் 15 மி.மீ. உயரமும் உள்ளது. பெரும்பாலான போன்களின் முதன்மை சென்சார் பரப்பளவில் அதில் கால்வாசிகூட வராது. மழைநீர் பிடிக்க அண்டா வைப்பதற்கும் டம்ளர் வைப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான்.

ஒரு மாதம் போனிலேயே எடுங்கள். எடுக்க நினைத்து முடியாமல் போன படங்களை மட்டும் குறித்துவையுங்கள். மாதக் கடைசியில் அந்தக் குறிப்பில் ஒன்றுமே இல்லையென்றால் பணம் மிச்சம். ஏதாவது இருந்தால், உங்களுக்கு எந்த லென்ஸ் வேண்டும் என்பதை அதுவே சொல்லிவிடும்.

எவ்வளவு பணம் ஒதுக்க வேண்டும்?

முப்பதாயிரம் இருந்தால் நிம்மதியாக ஆரம்பிக்கலாம். இருபதாயிரத்திலும் முடியும், கொஞ்சம் அலைய வேண்டும்.

ஆனால் எல்லோரும் கையிலிருக்கும் மொத்தத்தையும் கேமராவுக்கே கணக்குப் போட்டுவிடுகிறார்கள். மெமரி கார்டு, இன்னொரு பேட்டரி, ஈரம் புகாத டப்பா எல்லாம் சேர்த்து மூவாயிரம் தனியாகப் போகும். முப்பதாயிரம் இருந்தால் நான் பிரிப்பது இப்படி: கிட் லென்ஸோடு பழைய டிஎஸ்எல்ஆர் பதினெட்டு முதல் இருபதாயிரம், பழைய 50 அல்லது 35 மி.மீ. லென்ஸ் ஆறேழாயிரம், மீதி சில்லறைச் சாமான்களுக்கு. கிட் லென்ஸ் என்பது கேமராவோடு சேர்ந்தே வரும் லென்ஸ். டிஎஸ்எல்ஆர் என்றால் என்ன என்பது கீழே வருகிறது. லென்ஸின் மி.மீ. எண் கூடினால் தூரத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும்.

இங்கே ஒரு கணக்கை மனதில் வையுங்கள், கீழே பல பதில்களுக்கு இதுதான் அடிப்படை. முதல் கேமராவோடு யாரும் நெடுநாள் இருப்பதில்லை. ஒன்றிரண்டு வருடத்தில் இந்தப் பொழுதுபோக்கே வேண்டாம் என்று தோன்றும், அல்லது நமக்கு எந்த மாதிரிப் படம் பிடிக்கிறது என்று தெரிந்து வேறு கேமராவுக்குப் போவோம். இரண்டில் எது நடந்தாலும் முதல் கேமராவை விற்கத்தான் போகிறோம். அதனால் வாங்கும் விலையைவிட, வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளிதான் உண்மையான செலவு. பதினெட்டாயிரத்துக்கு வாங்கிய பழைய கேமராவை ஒன்றரை வருடம் கழித்துப் பதினைந்தாயிரத்துக்கு விற்றால், கற்றுக்கொண்ட செலவு மூவாயிரம். புதிதாக வாங்கியதில் பெட்டியைப் பிரித்த அன்றே அதைவிட அதிகம் போய்விடும்.

அப்படியானால் பழசுதான் வாங்க வேண்டுமா?

பட்ஜெட் நாற்பதாயிரத்துக்குக் கீழே என்றால், ஆமாம். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இப்போது காலமும் வாங்குபவர் பக்கம் இருக்கிறது. கேனன், நிக்கான் இரண்டுமே 2020-க்குப் பிறகு புதிய டிஎஸ்எல்ஆர் எதையும் கொண்டுவரவில்லை. உழைப்பெல்லாம் உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்கள் பக்கம் போய்விட்டது. கல்யாண போட்டோகிராபர்கள் ஒவ்வொருவராக மாறிக்கொண்டே வருவதால், பழைய டிஎஸ்எல்ஆர்களும் அவற்றின் லென்ஸ்களும் சந்தையில் குவிந்து விலை இறங்கியிருக்கிறது. எடுக்கும் படத்தின் தரம் அதோடு சேர்ந்து இறங்கிவிடவில்லை.

யாரிடமிருந்து வாங்குவது என்பதில் மட்டும் கவனம் வேண்டும். தொழில்முறைக்காரர் கொடுக்கும் பாடி, அதாவது லென்ஸ் நீங்கலான கேமரா, நன்றாக உழைத்திருக்கும், ஆனால் லென்ஸுக்குள் பூஞ்சை இருக்க வாய்ப்பு குறைவு. தினமும் வெளியே எடுத்ததால் காற்றும் வெளிச்சமும் பட்டிருக்கும். "ஆசையா வாங்கினேன் சார், ரெண்டு டூர்தான் போனேன், அலமாரியிலேயே இருக்கு" என்பவரிடம் ஷட்டர் (படம் எடுக்கும்போது திறந்து மூடும் திரை) கன்னியாக இருக்கும், லென்ஸ் பூஞ்சையாக இருக்கும். ஒவ்வொருவரிடமும் எதை உற்றுப் பார்க்க வேண்டும் என்பது இதிலிருந்தே தெரிகிறது அல்லவா?

டிஎஸ்எல்ஆரா, மிரர்லெஸ்ஸா?

டிஎஸ்எல்ஆரில் லென்ஸுக்குப் பின்னால் ஒரு கண்ணாடி சாய்ந்து நிற்கும். அது ஒளியை மேலே திருப்பி, நாம் கண்ணை வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டருக்கு அனுப்பும். பட்டனை அழுத்தியதும் கண்ணாடி மேலே தூக்கிக்கொள்ள, ஒளி சென்சாரில் விழும். அந்த "டடக்" சத்தம் பாதி கண்ணாடியுடையது. மிரர்லெஸ்ஸில் கண்ணாடி கிடையாது. சென்சார் பார்ப்பதைச் சின்னத் திரையில் காட்டும்.

கற்றுக்கொள்பவருக்கு மிரர்லெஸ்ஸில் ஒரு பெரிய வசதி உண்டு. படம் இருட்டாக வருமா, வெளுத்துப்போகுமா என்பது எடுப்பதற்கு முன்பே தெரிந்துவிடும். புதிய மாடல்கள் ஆளின் கண்ணைத் தேடிப் பிடித்து ஃபோகஸ் வைக்கும். துறுதுறுவென்று ஓடும் இரண்டு வயதுக் குழந்தையைப் படம் எடுக்கவே கேமரா வாங்குகிறீர்கள் என்றால், கொஞ்சம் காத்திருந்தாவது மிரர்லெஸ் வாங்குங்கள். டிஎஸ்எல்ஆரில் குழந்தையின் மூக்கில் ஃபோகஸ் இருக்கும், கண்ணில் இருக்காது.

டிஎஸ்எல்ஆரின் பலம் பேட்டரியும் லென்ஸ் விலையும். நிக்கான் டி3500 ஒரு சார்ஜில் 1,550 படங்கள் எடுக்கும் என்பது நிறுவனக் கணக்கு. சோனி ஏ6000-க்கு அதே முறையில் சொல்லும் கணக்கு நானூறைக்கூடத் தொடவில்லை. குலதெய்வக் கோயில் திருவிழாவுக்குப் போய் மூன்று நாள் சார்ஜர் பாயின்ட் கிடைக்காமல் அலைந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். அறுபதாயிரத்துக்கு மேல் போக முடிந்தால் மிரர்லெஸ், அதற்குக் கீழே பழைய டிஎஸ்எல்ஆர் என்பதுதான் என் கட்சி.

சரி, மாடல் பெயரைச் சொல்லுங்கள்.

கேனனில் 2018-இல் வந்த 1500டி எங்கே தேடினாலும் கிடைக்கும், 24 மெகாபிக்சல், கற்றுக்கொள்ளப் போதும். கொஞ்சம் கூடக் கொடுக்க முடிந்தால் 200டி அல்லது 200டி மார்க் 2. இவற்றில் திரை திரும்பும், விரலால் தொட்டால் ஃபோகஸ் ஆகும், திரையைப் பார்த்து எடுக்கும்போதும் வீடியோவிலும் ஃபோகஸ் வேகம். 3000டி மட்டும் வேண்டாம். லென்ஸ் மாட்டும் வளையமே பிளாஸ்டிக். வ்யூஃபைண்டரில் மூக்குக்கண்ணாடி பவருக்கு ஏற்பத் திருப்பும் சக்கரமும் கிடையாது. விலை வித்தியாசமோ சொற்பம்.

நிக்கானில் டி3500, டி5600 இரண்டும் நல்லவை. எனக்கு மிகவும் பிடித்தது 2015-இல் வந்த டி7200. கனமானது, பழையது, ஆனால் இரண்டு கார்டு போடலாம், அமைப்புகளை மாற்ற இரண்டு சக்கரம் இருக்கிறது, பழைய லென்ஸ்களையும் மோட்டார் வைத்துச் சுழற்றி ஃபோகஸ் செய்யும். நல்ல நிலையில் கிடைத்தால் யோசிக்காதீர்கள்.

சின்னதாக வேண்டும், பையில் இருப்பதே தெரியக்கூடாது என்பவர்களுக்கு சோனி ஏ6000. 2014-இல் வந்தது என்றாலும் ஃபோகஸ் வேகத்தில் இன்றும் சோடைபோகாது. மெனுதான் எரிச்சலூட்டும்.

இந்தப் பெயர்களுக்குள் இரண்டு நாளுக்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை. நண்பர் ஒருவர் எட்டு மாதம் யூடியூபில் ஒப்பீட்டு வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார். அந்த எட்டு மாதத்தில் அவருடைய மகள் தவழ்வதை முடித்து நடக்க ஆரம்பித்துவிட்டாள்.

எத்தனை மெகாபிக்சல் இருந்தால் நல்லது?

12-க்கு 18 அங்குலப் பிரிண்ட், அதாவது சுவரில் மாட்டும் அளவு, மிகத் துல்லியமாக வர 19 மெகாபிக்சல் போதும். 4கே டிவியில் முழுத் திரையில் காட்ட எட்டு போதும். ஆல்பத்தில் ஒட்டும் 4-க்கு 6 பிரிண்டுக்கு இரண்டே இரண்டு. மேலே நான் வாங்கச் சொன்ன கேமராக்கள் எல்லாமே 24-ஐ ஒட்டியவை. அடுத்த கேள்வி.

கிட் லென்ஸ் போதுமா?

முதல் நான்கைந்து மாதத்துக்கு, தாராளமாக. கேமராவோடு வரும் அந்த 18-55 லென்ஸை மட்டம் தட்டுவது ஒரு வழக்கமாகிவிட்டது. எஃப் என்பது லென்ஸின் வாய் திறக்கும் அளவு, எண் குறைந்தால் திறப்பு பெரிது. பகல் வெளிச்சத்தில் எஃப் 8-இல் வைத்து எடுத்த படத்தை, விலை உயர்ந்த லென்ஸில் எடுத்ததோடு கலந்து வைத்தால் பலருக்குப் பிரித்துச் சொல்ல வராது.

அதன் குறை வெளிச்சம் குறைந்த பிறகுதான் தெரியும். 55 மி.மீ.க்கு இழுத்தால் அதன் வாய் எஃப் 5.6-க்கு மேல் திறக்காது. எஃப் 1.8 லென்ஸ் அதைவிடக் கிட்டத்தட்டப் பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும். வீட்டு ட்யூப்லைட்டில் கிட் லென்ஸ் ஷட்டரை 1/15 நொடி திறந்துவைக்கச் சொல்லிக் கேட்கும் இடத்தில் இது 1/125-இல் முடித்துவிடும். பத்தில் ஒன்பது "ஷேக்" ஆன படங்கள் இந்த இடைவெளியில்தான் பிறக்கின்றன. முகம் தெளிவாக, பின்னால் இருப்பதெல்லாம் கரைந்துபோன படம் வேண்டும் என்று கேட்பவர்களுக்கும் இதே லென்ஸ்தான் பதில்.

எல்லோரும் 50 மி.மீ. எஃப் 1.8-ஐத்தான் சொல்வார்கள், கேனனில் 2015-இல் வந்த எஸ்டிஎம் வகை மலிவானதும்கூட. ஒரு எச்சரிக்கை: ஏபிஎஸ்-சி கேமராவில் 50 மி.மீ. மாட்டினால் கேனனில் 80 போலவும் நிக்கானில் 75 போலவும் பார்வை குறுகிவிடும். ஒருவரை மார்பளவு எடுக்க அருமை. ஆனால் நம்முடைய பத்துக்குப் பத்து ஹாலில் நான்கு பேரைச் சேர்த்து எடுக்க முதுகைச் சுவரில் ஒட்டி நின்றாலும் இடம் போதாது. எனக்கு நேர்ந்தது அதுதான். அத்தையின் அறுபதாம் கல்யாணத்தில் பால்கனிக்கு வெளியே ஒரு காலை வைத்தபடி எடுத்தேன். வீட்டுக்குள் அதிகம் எடுப்பவர்கள் நிக்கானில் 35 மி.மீ. எஃப் 1.8, கேனனில் தோசைக்கரண்டி மாதிரித் தட்டையாக இருக்கும் 24 மி.மீ. எஃப் 2.8 பக்கம் பாருங்கள்.

பாடிக்கும் லென்ஸுக்கும் இடையில் பணத்தைப் பிரிப்பதில் சந்தேகம் வந்தால் லென்ஸ் பக்கம் சாய்த்துவிடுங்கள். பாடியின் விலை வருடா வருடம் கரையும். நல்ல லென்ஸின் விலை அவ்வளவு சீக்கிரம் அசையாது.

இரண்டு லென்ஸ் சேர்த்து ஆஃபரில் தருகிறார்களே?

நான் அப்படித்தான் ஆரம்பித்தேன். பெரிய லென்ஸ், சின்ன லென்ஸ், பை, கார்டு, ட்ரைபாட் எல்லாம் ஒரே பெட்டியில். ட்ரைபாட் மெரினா காற்றுக்கு நிற்கவில்லை. பெரிய லென்ஸை முதல் வருடத்தில் ஏழு நாள்தான் வெளியே எடுத்தேன், பிறகு கணக்குப் பார்த்தபோது தெரிந்தது. தூரத்தில் இருப்பதை எடுக்கும் ஆசை உங்களுக்கு உண்டா என்று தெரியாமலே அதற்குப் பணம் கட்டாதீர்கள். ஆறு மாதம் கழித்துப் பழசாகத் தனியாக வாங்கினால் பாதி விலை.

நிக்கானில் ஏதோ மோட்டார் பிரச்சினை என்கிறார்களே?

பிரச்சினை இல்லை, தெரியாமல் வாங்கினால்தான் வம்பு. டி3000 வரிசை, டி5000 வரிசைக் கேமராக்களுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. அதனால் லென்ஸுக்குள் மோட்டார் இருக்க வேண்டும். பெயரில் "ஏஎஃப்-எஸ்" என்று இருந்தால் உண்டு. வெறும் "ஏஎஃப்" என்று இருக்கும் பழைய 50 மி.மீ. டி வகை லென்ஸ் மலிவாகக் கிடைக்கும். மாட்டவும் செய்யும், படமும் வரும், ஆனால் ஃபோகஸைக் கையால்தான் திருப்ப வேண்டும்.

இதற்கு நேர்மாறான பொறி ஒன்றும் உண்டு. "ஏஎஃப்-பி" என்று குறித்த புது வகை லென்ஸ்கள் டி3200, டி5100, டி90 போன்ற பழைய பாடிகளில் ஃபோகஸே ஆகாது, கையாலும் ஆகாது. பாடி ஓரிடத்திலும் லென்ஸ் வேறிடத்திலும் வாங்குபவர்கள் கவனிக்கவும். கேனனில் இந்தத் தலைவலி இல்லை. 1987-க்குப் பிறகு வந்த அதன் இஎஃப் லென்ஸ்கள் எதை மாட்டினாலும் 1500டி-யில் ஓடும்.

பறவை எடுக்க ஆசை. வேடந்தாங்கல் போகணும். எது வாங்கலாம்?

பறவைப் படம் என்பது பணக்காரப் பொழுதுபோக்கு, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனாலும் இரண்டு மலிவு வழிகள் உண்டு.

ஒன்று, டிஎஸ்எல்ஆரோடு கேனன் 55-250 எஸ்டிஎம் அல்லது நிக்கான் 70-300. வேடந்தாங்கலில் கூடுகள் ஏரிக்குள் மரங்களில் இருக்கும், நாம் கரையில் நிற்போம். அங்கே 250 போதவே போதாது, மரமும் வெள்ளைப் புள்ளிகளும்தான் வரும். அதே லென்ஸை எடுத்துக்கொண்டு நெல்லைப் பக்கம் கூந்தன்குளம் போனால் கதை வேறு. அங்கே மஞ்சள் மூக்கு நாரைகள் ஊருக்குள் தெருவோர மரங்களிலேயே கூடு கட்டும், ஊர்க்காரர்களும் விரட்டுவதில்லை.

இன்னொன்று, நிக்கான் பி900 போன்ற, லென்ஸைக் கழற்ற முடியாத சூப்பர்ஜூம் கேமரா. 83 மடங்கு, அதாவது 2000 மி.மீ.க்குச் சமமான தூரம், நிலாவின் பள்ளங்கள்கூடத் தெரியும். ஆனால் உள்ளே இருப்பது சுண்டுவிரல் நக அளவு சென்சார். காலை ஒன்பது மணி வெயிலில் உட்கார்ந்திருக்கும் கொக்கு நன்றாக வரும். மாலை ஐந்தரைக்குப் பறக்கும் கொக்கு சேறாகத்தான் வரும். எந்தப் பறவை எங்கே வருகிறது என்று பதிவுசெய்து அடையாளம் காணும் ஆசைதான் என்றால் பி900 மகிழ்ச்சி தரும். சுவரில் மாட்டும் படம் வேண்டுமென்றால் தராது.

எதை வாங்கினாலும் பறக்கும் பறவைக்கு 1/1000 நொடிக்குக் குறையாமல் வையுங்கள். நவம்பர் முதல் மார்ச் வரைதான் நல்ல காலம். லென்ஸ் வாங்கிய மாதம் மே என்றால், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலச் சாலையோரத்தில் நாமக்கோழியை வைத்துப் பழகிக்கொள்ளலாம்.

பழைய கேமரா வாங்கப் போகும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

பகலில் போங்கள். உங்கள் சொந்த மெமரி கார்டும் ஒரு டார்ச்சும் கையில் இருக்கட்டும். இவை மூன்றும் இல்லாமல் விலை பேசவே ஆரம்பிக்காதீர்கள்.

முதலில் லென்ஸ். இரண்டு மூடியையும் கழற்றி, பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து முன்பக்கமாகச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். தூசி இரண்டொன்று இருக்கும், பரவாயில்லை. சிலந்திவலை போல, அல்லது வேர் விட்டதுபோல மெல்லிய கோடுகள் தெரிந்தால் அது பூஞ்சை. "துடைச்சா போயிடும்" என்பார்கள், போகாது. லென்ஸைப் பிரித்துத்தான் எடுக்க வேண்டும். கண்ணாடிப் பூச்சை அரித்திருந்தால் அப்போதும் தழும்பு நிற்கும். மூன்று வருடத்துக்கு முன் ஒருவரிடம் ரயில்வே ஸ்டேஷன் வாசலில் சாயங்காலம் ஆறரை மணிக்கு 35 மி.மீ. லென்ஸ் வாங்கினேன். மனிதர் மிக நல்லவராகப் பேசினார், டீகூட வாங்கிக்கொடுத்தார். வீட்டுக்கு வந்து டார்ச் அடித்தபோது உள்ளே ஒரு தோட்டமே இருந்தது.

அடுத்து சென்சார். எஃப் 16-க்கு மாற்றி, வெள்ளைச் சுவரையோ வானத்தையோ ஃபோகஸ் இல்லாமல் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். மங்கலான புள்ளிகள் தூசி, சுத்தம் செய்யலாம். கீறல் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். லென்ஸ் மூடியைப் போட்டு நான்கைந்து நொடி திறந்துவைத்து ஒரு படம் எடுத்தால், இருட்டில் சிவப்பு, நீலப் புள்ளிகள் கெட்டுப்போன பிக்சல்களைக் காட்டிக்கொடுக்கும்.

பிறகு எல்லாப் பட்டனையும் அழுத்துங்கள், எல்லாச் சக்கரத்தையும் திருப்புங்கள், வெட்கப்படாதீர்கள். பேட்டரி உப்பியிருக்கிறதா, உள்ளே போய் வர மாட்டிக்கொள்கிறதா? அடித்தட்டில் திருகாணிகளின் தலை தேய்ந்திருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள். கிட்டேயும் தூரத்திலும் மாறி மாறி ஃபோகஸ் செய்து பத்துப் படம் எடுத்து, அங்கேயே பெரிதாக்கிப் பாருங்கள்.

கடைசியாக பில். பில்லில் உள்ள சீரியல் நம்பரும் பாடியில் உள்ளதும் ஒன்றாக இருக்க வேண்டும். பில் தொலைந்துவிட்டது என்று சொல்பவர் எல்லோரும் திருடர் அல்ல, ஆனால் பெட்டி, பில், சார்ஜர் எதுவுமே இல்லை, விலை மட்டும் ரொம்பக் குறைவு என்றால் யோசிக்க வேண்டியது நீங்கள்தான். நாளைக்கு நீங்கள் விற்கும்போதும் இதே கேள்வியைத்தான் கேட்பார்கள்.

ஷட்டர் கவுண்ட் எவ்வளவுக்குள் இருக்க வேண்டும்?

ஷட்டர் இதுவரை எத்தனை தடவை திறந்து மூடியிருக்கிறது என்ற எண்ணிக்கைதான் ஷட்டர் கவுண்ட். டி3500-இன் ஷட்டர் ஒரு லட்சம், டி7200-இனுடையது ஒன்றரை லட்சம் தடவைக்குச் சோதிக்கப்பட்டவை. அந்த எண்ணைத் தொட்டதும் நின்றுவிடும் என்று அர்த்தமில்லை. ஐம்பதாயிரத்துக்குள் இருந்தால் பேரம் பேசாமல் வாங்கலாம், அதற்கு மேல் இருந்தால் பேரம் பேசி வாங்கலாம். நிக்கானில் எடுத்த படத்துக்குள்ளேயே இந்த எண் பதிவாகியிருக்கும், படத்தை ஏற்றினால் காட்டும் இணையதளங்கள் உண்டு. கேனன் படத்தில் பதிவாகாது. கேபிள் போட்டு மென்பொருள் வழியாகத்தான் பார்க்க வேண்டும்.

பூஞ்சை பூஞ்சை என்று பயமுறுத்துகிறீர்களே, எப்படித்தான் காப்பாற்றுவது?

சென்னை, கடலூர், நாகை என்று கடற்கரை ஊரில் இருப்பவர்கள் பயப்படத்தான் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வீட்டுக்குள் ஈரப்பதம் எண்பது சதவீதத்துக்கு மேல் நிற்கும் நாட்கள் உண்டு. அறுபதைத் தாண்டினாலே பூஞ்சைக்குக் கொண்டாட்டம்தான். கேமராவோடு வந்த துணிப் பைதான் அதற்கு மிகப் பிடித்த வீடு. ஈரத்தை உறிஞ்சிவைத்துக்கொள்ளும், உள்ளே இருட்டு, காற்றும் கிடையாது. துணி அலமாரியில் ரசகற்பூர உருண்டைகளோடு வைப்பது இன்னும் மோசம். அதன் ஆவி லென்ஸுக்கும் ரப்பருக்கும் நல்லதல்ல.

செலவில்லாத வழி இதுதான். சமையலறைச் சாமான் கடையில் ரப்பர் வளையத்தோடு இறுக மூடும் பெரிய பிளாஸ்டிக் டப்பா வாங்குங்கள். உள்ளே கால் கிலோ சிலிக்கா ஜெல்லைத் துணியில் கட்டிப் போடுங்கள். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சின்ன ஈரப்பத மீட்டர் ஒன்றையும் வெளியிலிருந்து தெரிகிற மாதிரி வைத்துவிடுங்கள். முள் நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் நடுவில் நின்றால் சரி. நீல ஜெல் ஈரம் குடித்ததும் இளஞ்சிவப்பாகும், சூடாக்கினால் பழையபடி நீலமாகும். அந்த நீல நிறம் கோபால்ட் உப்பு, விஷத்தன்மை உள்ளது, அதனால் தோசைக்கல்லில் வறுக்க வேண்டாம். ஆரஞ்சு வகை கிடைத்தால் அதையே வாங்குங்கள். ஜெல்லுக்குப் பதில் அரிசி போடலாமா என்று மாமா ஒருவர் கேட்டார். மாவுத் தூசிதான் மிச்சமாகும்.

லென்ஸ் நான்கைந்து சேர்ந்த பிறகு, உள்ளே ஈரப்பதத்தைக் குறைத்துவைக்கும் மின்சார டிரை கேபினட் பற்றி யோசிக்கலாம். அதுவரை டப்பா போதும். எல்லாவற்றையும்விட நல்ல மருந்து, வாரம் ஒருமுறை வெளியே எடுத்துப் படம் எடுப்பது.

பில் இல்லாமல் வாங்கினால் பல ஆயிரம் குறைகிறதே?

பர்மா பஜார் காலத்திலிருந்து சென்னைக்குப் பழகிய ஆசை இது. முன்பு கேமராவுக்கு 28 சதவீத ஜிஎஸ்டி இருந்தபோது அதில் கொஞ்சம் நியாயம் தெரிந்தது, 2019 தொடக்கத்தில் அதை 18 ஆக்கிவிட்டார்கள். இப்போது மிச்சமாகும் தொகைக்காக வாரண்டியையும் விற்கும்போது கிடைக்கும் விலையையும் விட்டுக்கொடுப்பது கட்டாது. புதுசு வாங்கினால் பில்லோடு வாங்குங்கள். பணம் மிச்சம் வேண்டுமென்றால் பழசு வாங்குங்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி வேண்டாம்.

பில்டர், ட்ரைபாட், பை எல்லாம் உடனே வேண்டுமா?

கார்டு மட்டும் உடனே, அதுவும் நம்பகமான கடையில். போலி கார்டுகள் நிறைய உலவுகின்றன. 64 ஜிபி போதும், வாங்கியதும் ஒருமுறை முழுக்க நிரப்பித் திறந்து பாருங்கள். இரவு வானம், ஷட்டரை நெடுநேரம் திறந்துவைத்து எடுக்கும் படம் என்று ஆசை வரும்வரை ட்ரைபாட் வேண்டாம். லென்ஸுக்கு முன்னால் மாட்டும் யுவி பில்டர் கண்ணாடி போட்டே ஆக வேண்டும் என்று கடைக்காரர் சொல்வார், லென்ஸ் விளிம்பில் குழல்போல மாட்டும் லென்ஸ் ஹூட் அதைவிட நன்றாகக் காப்பாற்றும். பைக்குப் பதில் பழைய துண்டில் சுற்றி ஆபீஸ் பையில் வைத்தே இரண்டு வருடம் ஓட்டினேன்.

ரா ஃபைலில் எடுக்கணுமா? மென்பொருளுக்குத் தனிச் செலவு ஆகுமா?

ரா என்பது கேமரா மெருகேற்றாமல் அப்படியே சேமிக்கும் கோப்பு, ஜேபிஜி என்பது மெருகேற்றிக் கொடுக்கும் சாதாரணப் படம். ஜேபிஜி, ரா இரண்டும் சேர்ந்து பதிவாகும்படி வைத்துவிடுங்கள். முதல் மூன்று மாதம் ராவைத் திறக்கக்கூட வேண்டாம். பிறகு ஒரு மழைநாளில் பழைய படங்களை எடுத்துத் திருத்திப் பார்க்கும்போது அது இருந்ததற்குச் சந்தோஷப்படுவீர்கள். மென்பொருளுக்கு ஒரு பைசா வேண்டாம். டார்க்டேபிள், ராதெரபி இரண்டும் இலவசம். கேனனும் நிக்கானும் தங்கள் கேமராக்களுக்கான மென்பொருளை இலவசமாகவே தருகின்றன.

தாத்தாவின் பழைய யாஷிகா பரணில் இருக்கிறது. அதிலேயே கற்றுக்கொள்ளலாமா?

கற்றுக்கொள்ளலாம், மலிவாக அல்ல. 36 படம் எடுக்கும் ஒரு ரோலும், கழுவி ஸ்கேன் செய்யும் கூலியும் சேர்ந்தால், சில மாதத்தில் ஒரு பழைய 50 மி.மீ. லென்ஸ் விலை ஆகிவிடும். ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 'இந்து' என்ற பெயரில் கருப்பு வெள்ளைப் பிலிம் செய்துகொண்டிருந்த காலம் போய்விட்டது, இப்போது எல்லாம் இறக்குமதிதான். டிஜிட்டலில் ஒரு வருடம் பழகிவிட்டு அந்த யாஷிகாவைத் தூசி தட்டுங்கள். அப்போது ஒவ்வொரு பிரேமும் வீணாகாது.

கல்யாண ஆர்டர் எடுத்துப் போட்ட பணத்தைத் திரும்ப எடுத்துவிடலாமா?

வீட்டில் அனுமதி வாங்க இந்த வாதத்தைச் சொல்கிறீர்கள் என்றால், சொல்லிக்கொள்ளுங்கள், நானும் சொன்னேன். நிஜமாகவே செய்யப்போகிறீர்கள் என்றால் முதல் வருடம் வேண்டாம். தாலி கட்டும் நேரத்தில் கார்டு மக்கர் செய்தால் "மாப்பிள்ளை, இன்னொரு தடவை கட்டுங்க" என்று கேட்க முடியாது. அதற்காகத்தான் அந்தத் தொழிலில் இருப்பவர்கள் இரண்டு பாடி, ஒரே படம் இரண்டு கார்டில் பதிவாகும் வசதி, இரண்டு பிளாஷ் என்று சுமக்கிறார்கள். ஒரு தெரிந்த போட்டோகிராபரோடு உதவிக்குப் போய் விளக்கு பிடியுங்கள். கேமரா சொல்லித் தராததை மண்டபம் சொல்லித் தரும்.

வாங்கியாச்சு. முதல் வாரம் என்ன செய்வது?

மேலே உள்ள சக்கரத்தைப் பச்சை நிற ஆட்டோ கட்டத்திலிருந்து நகர்த்துங்கள். கேனனில் 'ஏவி', நிக்கானில் 'ஏ'. அதில் எஃப் எண்ணை மட்டும் நீங்கள் மாற்றுவீர்கள், ஸ்பீடைக் கேமரா பார்த்துக்கொள்ளும். ஐஎஸ்ஓ, அதாவது ஒளிக்குக் கேமரா காட்டும் உணர்திறன், ஆட்டோவில் இருக்கட்டும், உச்சவரம்பு 3200 வையுங்கள். வாசல் கோலத்தையோ ஜன்னலோரம் உட்கார்ந்து பேப்பர் படிக்கும் அப்பாவையோ ஒரே இடத்தில் நின்று எஃப் 1.8, 4, 8 என்று மாற்றி மாற்றி எடுங்கள். மறுநாள் காலை ஏழு மணிக்கு ஒருமுறை, நடுப்பகல் பன்னிரண்டுக்கு ஒருமுறை, விளக்கு வைத்த பிறகு ஒருமுறை. அப்பா மூன்றாவது நாள் கடுப்பாவார். அதற்குள் நீங்கள் தேவையானதைக் கற்றிருப்பீர்கள்.

எப்போது அடுத்த கேமராவுக்குப் போவது?

"இந்தப் படத்தை எடுக்க என் கேமராவால் முடியவில்லை, காரணம் இது" என்று ஒரே வாக்கியத்தில் சொல்ல முடிகிறபோது. "மூணு வருஷம் ஆச்சு" என்பது காரணமல்ல. அந்த நாள் வரும்வரை பெட்டி, பில், வார், லென்ஸ் மூடி எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருங்கள். என் முதல் கேமராவின் பெட்டியைப் பழைய பேப்பர்காரரிடம் கிலோ கணக்கில் போட்டுவிட்டேன். விற்கப் போனபோது அந்த அட்டைப் பெட்டிக்காக எண்ணூறு ரூபாய் குறைத்தார்கள்.